பட்டு கூப்பிட்டபோது

செம்பாக்கம்
11.6.88

சிஸ்டர் அருள்மேரி அவர்களுக்கு,

செம்பாக்கம் பொன்னியம்மாள் எழுதுவது. உங்கள் ஆஸ்பத்திரியில் பெண்கள் பக்கம் இருக்கும் சாமுண்டீஸ்வரியைப் பெற்றவள். நேற்று சாயங்காலம் வாசலோடு திருப்பி அனுப்பினீர்களே, அந்தக் கிழவி என்றால் உடனே ஞாபகம் வரும்.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. கையில் தூக்கு, தோளில் பை, பஸ்ஸில் நின்றுகொண்டே கிழக்குத் தாம்பரம் வந்து இறங்கினேன். வாட்ச்மேன் விட்டான், நீங்கள் விடவில்லை. ஈஸ்வரியின் புருஷன் தட்சிணாமூர்த்தி வரலாம், அவன் தங்கச்சி வரலாம், பெற்றவள் மட்டும் வரக்கூடாதாம். பெற்றவள் தொட்டால் ஒட்டிக்கொள்கிற வியாதியா இது? காரணம் கேட்டதற்கு, "நீங்க வந்துட்டுப் போனா அவங்களுக்கு அதிகமாவுதும்மா" என்றீர்கள்.

வருவது யார் என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? அவள் என் சின்ன மகள் பட்டு. எண்பத்து நாலு ஐப்பசியில் மூளைக் காய்ச்சலில் போனாள். பதினேழு வயசு. அக்காள் உடம்பில் வந்து, என்னை அம்மா என்று கூப்பிட்டு, சாப்பிட்டுப் பேசிவிட்டுப் போகிறாள். அதை ஜுரம் மாதிரி ஏறுகிறது இறங்குகிறது என்று நீங்கள் சொல்வதைக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது.

ஈஸ்வரியை அங்கே சேர்த்தது மாப்பிள்ளை வீட்டுப் பிடிவாதம். கோவிலம்பாக்கத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிற கௌரவமான குடும்பம், அக்கம்பக்கத்தில் தலை காட்ட முடியவில்லை என்றார்கள். ஒரு நாள் ஈஸ்வரி தன் பிள்ளை கேசவனை இடுப்பில் வைத்திருக்கும்போது பட்டு வந்திருக்கிறாள். ஒரு வயசுப் பிள்ளையை வெறுந்தரையில் விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறாள். அன்றைக்கே சொல்லிவிட்டார்கள், குணமானால் வரட்டும், இல்லாவிட்டால் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு ஆத்தாள் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று. பிள்ளையைப் பிரித்துவிடுவார்களே என்ற பயத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். என்னையே பிரிக்கச் சொல்லிப் போடவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். நீங்கள் பெற்றவள் இல்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் என்ன எழுத.

பொன்னியம்மாள்


தாம்பரம்
15.6.88

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் பெறாதவள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அதனால் அந்த வரிக்குப் பதில் எழுதவில்லை, மற்றவற்றுக்கு எழுதுகிறேன்.

உங்கள் மகளை இங்கே யாரும் அடிப்பதில்லை, கட்டுவதில்லை. அது வரும்போது முதலில் கண் இமை படபடக்கும், கழுத்து ஒரு பக்கம் சாயும். உடனே கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் உட்கார வைப்போம், விழுந்து அடிபட்டுவிடக் கூடாது. வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்புவோம். "ஈஸ்வரி, நீ தாம்பரத்துல ஆஸ்பத்திரில இருக்க. நான் மேரி சிஸ்டர். தரை சில்லுனு இருக்கு பாரு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்போம். பட்டு என்று கூப்பிடுவதில்லை. பட்டு கேட்பதற்குப் பதில் சொல்வதில்லை. கோபித்துக்கொள்வதும் இல்லை. அவள் ஈஸ்வரியாகத் திரும்பிய பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. தண்ணீர் கொடுத்து, தலை வாரிவிட்டு, சமையல்கட்டில் உட்கார வைத்துக் கீரை ஆய்ந்தபடி அவளோடு பேசிக்கொண்டிருப்போம். ஈஸ்வரியாக இருக்கும்போது கொண்டாட வேண்டும், மற்ற நேரம் காவல் மட்டும் இருக்க வேண்டும் என்று டாக்டர் யக்ஞநாராயணன் சொல்லியிருக்கிறார். கேட்க சுலபமாக இருக்கிறது. இதைவிடக் கஷ்டமான நர்ஸ் வேலையை நான் பார்த்ததில்லை.

டாக்டர் இதை ஹிஸ்டீரியாவில் ஒரு வகை என்று எழுதியிருக்கிறார். புதுப் புத்தகங்களில் வேறு பெயர் போட்டிருக்கிறதாம். தாங்க முடியாத பாரம் வரும்போது மனசு தன்னைத்தானே கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறது, திரும்பி வந்தால் நடந்தது எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. வேண்டுமென்று செய்வதில்லை. நடிப்பு இல்லை. அதை நான் பைபிள் மீது கை வைத்துச் சொல்வேன்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. எங்கள் தனம் ஆயா போன வாரம் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்துக்கொண்டு, "பட்டும்மா, எம் புள்ளைக்கு டிரைவர் வேலை கெடைக்குமா, சொல்லு தாயே" என்று அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் இன்னும் சில பேர் முறைக்கு நின்றிருந்தார்கள். திட்டினால், "இன்னா சிஸ்டர், சாமி வந்து நிக்கும்போது கேக்காம எப்டி" என்கிறாள். அன்றைக்கு ஈஸ்வரி திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. கேட்க ஆள் இருந்தால் அது போகாது அம்மா. நீங்கள் வந்தால் அதற்குக் கேட்க ஆள் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் காரணம்.

அவளுக்கு மாற்றுத்துணி போதவில்லை. முடிந்தால் மருமகனிடம் கொடுத்து அனுப்புங்கள்.

அருள்மேரி


செம்பாக்கம்
22.6.88

சிஸ்டர்,

தனம் ஆயாவுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லை.

நீங்கள் வேதக்காரர், எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது, சொல்கிறேன். கன்னியாகச் செத்த பெண்ணை நாங்கள் விட்டுவிடுவதில்லை. வீட்டில் கல்யாணம் கார்த்திகை என்றால் முதலில் அவளுக்குத்தான் பத்திரிகை. தண்ணீர்க்கரையில் புதுத்துணியும் பூவும் வைத்து, பம்பை அடித்து அழைத்து, வீட்டுக்குக் கூட்டி வந்து கும்பிட்டுவிட்டுத்தான் பந்தக்கால். பூவாடைக்காரி என்போம். அவள் வந்து சரி என்று சொன்னால்தான் கல்யாணம் நிறையும்.

பட்டு போன பிறகு நான் படுத்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் ஒன்றரை வருஷம் எழுந்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை, வீடு ஈஸ்வரி தலையில் விழுந்தது. எனக்குக் கஞ்சி ஊற்றுவதும் வாய் துடைப்பதும் அவள்தான். அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது, அதற்கும் எழுந்திருக்கவில்லை. உறவு ஜனங்கள்தான் தூக்காத குறையாக என்னை ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். பம்பை ஏறிக்கொண்டே போனது. கல்யாணப் பெண்ணாக நின்றிருந்த ஈஸ்வரி சடாரென்று ஈரத்தில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னாம்மா இப்டி எளச்சிட்ட, சோறு துன்னலயா" என்றாள். குரலும் பட்டு, தலையைச் சாய்க்கிற சாய்ப்பும் பட்டு. அன்றைக்குத்தான் நான் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டேன். ஊரே பார்த்தது.

இதை வியாதி என்கிறீர்கள். வியாதி யாரையாவது சாப்பிட வைக்குமா?

அதற்குப் பிறகு எனக்கு மனசு ஒடிகிற போதெல்லாம் வந்தாள். நான் அழைத்து வந்ததும் உண்டு, தானாக வந்ததும் உண்டு. அவளுக்குப் பிடித்த வடகறி செய்து வைப்பேன். ஈஸ்வரிக்கு அது வாயில் வைக்க ஆகாது, ஆனால் பட்டு வந்தால் தட்டை வழித்துவிடுவாள். இதற்கு உங்கள் டாக்டர் என்ன பெயர் வைத்திருக்கிறார்?

இரண்டு கண்ணில் எது வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது நீங்கள் செய்வது. ஆடி பிறக்கட்டும், நானே வந்து அழைத்துப்போகிறேன். எவர் தடுக்கிறார் என்று பார்க்கிறேன்.

துணி கேட்டீர்கள், மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன்.

பொன்னியம்மாள்


தாம்பரம்
5.7.88

அம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பையின் அடியில் ஒரு மாம்பழ மஞ்சள் தாவணி இருந்தது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளுக்கு யார் தாவணி அனுப்புவார்கள்? பையைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளே விட்டது என் தப்பு. அதை அடியில் மடித்து வைத்தது உங்கள் தப்பு. நான் இன்று கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் அவளுக்கு நன்றாகிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக எதுவும் வரவில்லை. பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது முதல் தடவை. டாக்டர் சந்தோஷப்பட்டு மருமகனுக்குச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அவர் கேசவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, பொட்டு வைத்துக் கூட்டி வந்திருந்தார். கூப்பிடப் போனால் அவள் அந்தத் தாவணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. "யார் வூட்டுக் கொழந்த இது? அழுவுது பாருங்க. அவங்கம்மா கிட்ட கொண்டு போய்க் குடுங்க" என்றாள். மருமகன் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டார். இனி அவரை நான் எதைச் சொல்லி வரவழைப்பது?

இதோடு முடித்திருப்பேன். மறுநாள் அவள் சொன்னதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

காலையில் தெளிந்துவிட்டாள். பிள்ளை வந்துபோனது தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

"சிஸ்டர், எங்க வூட்ல நான் எப்ப கண்ணு முழிச்சாலும் எங்கம்மா அழுதுகினு இருக்காங்க. ரூம்ல பூ வாசனை அடிக்கும். சாப்ட்ட தட்டு கெடக்கும். எல்லாரும் சிரிச்சுப் பேசின மாதிரி இருக்கும். ஏதோ நல்லது நடந்து முடிஞ்சிருக்கும், நான் மட்டும் அதுல இருந்திருக்க மாட்டேன். என்னப் பாத்த ஒடனே அம்மா மூஞ்சி வாடிப்பூடும். நான் திரும்பி வராமயே இருந்துட்டா அவங்க நல்லாருப்பாங்களோ என்னவோ."

அழாமல் சொன்னாள் அம்மா. கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்.

அருள்மேரி


செம்பாக்கம்
9.7.88

சிஸ்டர்,

நான் அழுதது உண்மை.

பட்டு போகும்போது தெரியும். பேச்சு குழறும், கண் மேலே செருகும். போகாதேடி, இன்னும் கொஞ்ச நேரம் இருடி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவேன். போகிறவளைப் பார்த்து அழுதேன். அந்த நேரத்தில் இன்னொருத்தி வந்துகொண்டிருக்கிறாள், அவள் கண்ணைத் திறந்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றரை வருஷம் எனக்குக் கஞ்சி ஊற்றினாள் என்று எழுதியிருந்தேன். அவள் ஊற்றின கஞ்சிக்கு நான் எழுந்திருக்கவில்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன். பாவி, தங்கச்சியாக மாறி வந்தாவது என்னைச் சாப்பிட வைத்தாள்.

உங்கள் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டவில்லை. ஆனால் கோவிலம்பாக்கம் போய் அவரிடம் பட்டுவின் தாவணி நான் வைத்தது, அவள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேசவன் என்னிடம் வரவில்லை.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், மறுக்காதீர்கள். ஒரே ஒரு தடவை பட்டுவிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். இனி வராதேடி, அக்கா பிழைக்கட்டும் என்று நானே சொன்னால் அவள் கேட்பாள். காய்ச்சலில் போனபோது நினைவில்லாமல் போனாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. இந்தத் தடவையாவது சொல்லிக்கொண்டு போகட்டும்.

பொன்னியம்மாள்


தாம்பரம்
19.7.88

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

டாக்டரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். நீங்கள் விடை கொடுக்கப் போனால் பட்டு அழுவாள். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாயும் எழுந்து வரமாட்டாள். அவர் சொன்னது இவ்வளவுதான். நானும் அதையே நினைத்தேன், ஆனால் உங்களுக்காக அவரோடு வாதாடிப் பார்த்தேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூவாடை எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். குரோம்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் பம்பை அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து காது கொடுத்தவள்தான் நான். "சிஸ்டர், எங்கம்மா எப்ப வருவாங்க" என்று அந்தக் குரல் கேட்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஆவியா இல்லையா என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஈஸ்வரி உயிரோடு இருக்கிறாள், அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. அது தெரியும்.

வருகிற வியாழக்கிழமை அல்ல, அதற்கு அடுத்தது, 28ஆம் தேதி சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வாருங்கள். நான் பக்கத்தில் இருப்பேன். உங்களைப் பார்த்ததும் அது வரலாம். வந்தால் பதில் சொல்லாதீர்கள். பெயர் சொல்லாதீர்கள். தொடாதீர்கள். எழுந்து ஓடவும் வேண்டாம், வெறுமனே உட்கார்ந்திருங்கள். அது போய் அவள் கண்ணைத் திறக்கும்போது உங்கள் முகம் மலர்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் அதுதான்.

நான் கேட்பது எப்பேர்ப்பட்டது என்று தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்று தோன்றினால் வராமல் இருந்துவிடுங்கள். நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

அருள்மேரி


செம்பாக்கம்
30.7.88

சிஸ்டர் அருள்மேரிக்கு,

நடந்ததை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். இருந்தாலும் நான் எழுதவேண்டும். எனக்கு வேறு யாரும் இல்லை.

பஸ்ஸில் வரும்போதே பட்டுவை வேண்டிக்கொண்டேன், இன்றைக்கு வராமல் இருந்துவிடு என்று. என் வாழ்நாளில் பட்டு வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவள் கேட்கவில்லை. ஈஸ்வரி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "வாம்மா" என்று சொல்லி வாய் மூடவில்லை, கழுத்து சாய்ந்துவிட்டது. நீங்கள் அவளைத் தரையில் இறக்கி உட்கார வைத்தீர்கள். நான் பெஞ்சின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் சந்தோஷமாகத்தான் கூப்பிட்டாள். "அம்மா, வந்துட்டியா. இத்தினி நாளா எங்கம்மா போன" என்றாள். நான் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அதில் இருந்த எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. "பசிக்குதும்மா" என்றாள். அப்புறம், "ஏம்மா பேச மாட்டேங்கற, நான் எதுனா தப்பு பண்ணிட்டனா" என்றாள். அவள் மழலை பேசுகிற காலத்திலிருந்து நான் கோபித்துக்கொண்டால் இப்படித்தான் கேட்பாள். நீங்கள் ஒரு பக்கம் ஈஸ்வரி, ஈஸ்வரி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவள் உங்களைப் பார்க்கவே இல்லை. "நான்தாம்மா, பட்டு. என்னத் தெரியலயா" என்று என் கால் பக்கம் நகர்ந்து வந்தாள். புடவைத் தலைப்பைப் பிடித்தாள். நான் தொடக்கூடாது என்றீர்கள், அவள் தொட்டால் என்ன செய்வது என்று சொல்லித்தரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒன்றும் கேட்காமல் அழுதாள். அப்புறம் கை தானாக விட்டது.

காய்ச்சலில் போனபோது அவளை எல்லாருமாகச் சேர்ந்து அனுப்பினோம். இந்தத் தடவை நான் ஒருத்தி அனுப்பினேன். துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள். கேட்டால் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு ஈஸ்வரி கண்ணைத் திறந்தாள். நான் சிரித்தேன் சிஸ்டர். நீங்கள் சொன்னபடி சிரித்தேன். எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள். பிரசவ வலியில்கூட நான் அவ்வளவு பல்லைக் கடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ தேடினாள், அழுகையைத்தான் தேடியிருப்பாள். "எப்பம்மா வந்த" என்றாள். "இப்பதான். உன்னப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"என்னயா?" என்று கேட்டாள்.

உங்களுக்குக் கேட்டதோ என்னவோ, மெதுவாகத்தான் கேட்டாள். பெற்றவளைப் பார்த்து ஒரு மகள் கேட்கிற கேள்வியா சிஸ்டர் அது? ஆமாம் என்றேன். அப்போதும் அவள் நம்பவில்லை. எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

உன்னைப் பார்க்கத்தான் என்று நான் வாயால் சொன்னபோது அது பொய். மனசு பூராவும் அழுதுகொண்டு போனவளிடம் இருந்தது. ஆனால் அவள் திரும்பிப் பார்த்தாளே, அப்போதிலிருந்து அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளாக எனக்கு அந்தக் கேள்விதான் காதில் இருக்கிறது. பட்டுவின் அழுகைகூட அதற்கு அப்புறம்தான் கேட்கிறது.

அடுத்த வாரமும் வருவேன். பட்டு வந்தாலும் வருவேன், வராவிட்டாலும் வருவேன். காலையில் அவளுக்குத் தலை வாரும்போது முன்கூட்டியே சொல்லி வையுங்கள், உங்கம்மா உன்னைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று. நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

பொன்னியம்மாள்